சத்தம் போட்டால் தட்டு பறக்கும்

பறக்கிற களிமண் தட்டைச் சுடச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. தட்டு உடைகிறதோ இல்லையோ, என் பொறுமை தினமும் உடையும்.

மருங்காபுரி பக்கம் ஒரு பொட்டலில் எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தின் மைதானம். சுடும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மைக். சுடுபவர் ‘இழு’ என்பதற்கு இங்கிலீஷில் “புல்” என்று கத்தினால் மெஷின் தட்டை வீசும். யார் கத்தினாலும் வீசும் என்பதுதான் தொல்லை. டியூஷன் எடுத்தோ, டிரைவிங் சொல்லிக்கொடுத்தோ நொந்துபோன அன்பர்களுக்கு மற்றதெல்லாம் சொல்லாமலே புரியும்.

முன்பல் விழுந்தவர்

ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிவந்தார். குழந்தைக்கு முன்பல் இரண்டையும் காணோம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே துப்பாக்கியைத் தொடவே விடமாட்டோம் என்றேன். துப்பாக்கியைப் பக்கத்தில் நிறுத்தி, கிட்டத்தட்ட அவள் உயரம் என்றும் காட்டினேன். அம்மா அசரவில்லை. பாட்டு கிளாஸில் கூட்டமாம், கீபோர்டில் அதைவிடக் கூட்டமாம். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “காலேஜ் அட்மிஷன்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கே சார், இப்பவே பேரை மட்டும் போட்டு வச்சுக்கோங்கோ” என்றார்.

மில் தொண்டை

அடுத்தவர் மண்ணச்சநல்லூர் ரைஸ்மில் முதலாளி, ஐம்பதை நெருங்குகிறவர். பிரஷருக்கு ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளச் சொன்னாராம் டாக்டர். தன் முறை வரும்வரை ஓரமாக நின்று போன் பேசுவார். மில் ஓடும்போது பேசிப் பழகிய தொண்டை. அவர் வாய் திறக்கத் திறக்க ஒவ்வொரு தட்டாகப் பறக்கும். மேடையில் நிற்கிறவர் அதற்குள் தோட்டாவே போட்டிருக்கமாட்டார்.

கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். மனுஷருக்கு முகம் வாடிவிட்டது. “இதுக்கு மேல மெதுவான்னா நான் மெசேஜ்தான் சார் அனுப்பணும்” என்றார்.

கணக்கு டீச்சர்

ஸ்டெல்லா டீச்சர் எழுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கண்ணில் புரை எடுத்த பிறகு எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, எதையாவது குறிபார்த்தே ஆகவேண்டும் என்று வந்து நின்றார்.

தட்டு இருக்கிற இடத்தைச் சுடாதீர்கள், போகப்போகிற இடத்தைச் சுடுங்கள் என்று எல்லோரிடமும் தொண்டை வறளச் சொல்வேன். வீடியோ கேமில் ஊறிய காலேஜ் பையன்களுக்கு அது மாதக்கணக்கில் மண்டையில் ஏறாது. டீச்சர் முதல் நாளே தலையாட்டிவிட்டார். “சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல பஸ் புடிச்சவளுக்கு இதச் சொல்லணுமா சார், நிக்கப்போற எடத்துக்குத்தானே ஓடுவோம்” என்றார்.

அறுபதுக்கு மேல் தடா

எங்கள் செயலாளருக்கு டீச்சர் வருவது பிடிக்கவில்லை. இவரே அறுபதைத் தொடப்போகிறவர். டீச்சர் எங்காவது விழுந்து வைத்தால் சங்கத்துக்குக் கெட்ட பெயர், அதனால் அறுபதுக்கு மேல் யாரும் கூடாது என்று விதி போடக் கிளம்பிவிட்டார். நான் மல்லுக்கு நின்றதில் ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மூன்று தட்டு. ஒரு தட்டாவது உடைந்தால் டீச்சர் இருக்கலாம், இல்லாவிட்டால் வீட்டைப் பார்த்துப் போகலாம்.

டீச்சர் சர்ச்சில் பூசை முடிந்து நேராக வந்தார். முதல் தட்டு தப்பியது. இரண்டாவதும் தப்பியது. செயலாளர் டீச்சருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்த அம்மா போய்விட்டால் அந்த மைதானத்தில் எனக்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது.

மூன்றாவது முறை டீச்சர் தோட்டாவைப் போட்டார், துப்பாக்கியைத் தோளில் வைத்தார், ஆனால் “புல்” சொல்லவில்லை. மூச்சை நிதானமாக்கிக்கொண்டிருந்தார். செயலாளருக்குப் பொறுமை போய்விட்டது. “வயசாயிடுச்சு டீச்சர், விட்டுடுங்க” என்று கத்தினார். மைக்குக்கு யார் கத்தினால் என்ன? தட்டு பறந்தது. துப்பாக்கி தட்டை முந்திப்போய் வெடித்தது. தட்டு தூள்தூளாகிவிட்டது.

என் கண்ணில் வந்த தண்ணீருக்குப் புகைமேல் பழி போட்டுக்கொண்டேன். டீச்சர் துப்பாக்கியைத் திறந்து காலித் தோட்டாவை எடுத்துவிட்டு, மெதுவாகச் செயலாளர் பக்கம் திரும்பி, “இன்னொரு தடவை சொல்லுங்க சார்” என்றார்.

அதற்கப்புறம் எங்கள் சங்கத்தில் மேல் வயது வரம்பு பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் தட்டு பறந்துவிடும்.