சிகரெட் குடிக்க வெளியே போனவர்

போன திங்கட்கிழமை எங்கள் வேலையிடத்தில் ஒரு கண்ணாடி அறையைத் திறந்து வைத்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள். ஆளுக்கொரு கிளாஸ் ஜூஸ் தந்தார்கள். டைரக்டர் பேசினார்.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும் - எனக்கு வேலை ஓர் அரசாங்கச் சூதாட்ட விடுதியில். ஜெர்மனியின் பான் நகரத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். பயப்பட வேண்டாம், நான் சீட்டுப் போடுவதில்லை. வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டிவிட்டு நம்பர் வில்லையைக் கொடுப்பேன். போகும்போது வில்லையை வாங்கிக்கொண்டு கோட்டைக் கொடுப்பேன். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மாலை ஏழு மணிவரை நானும் கோட்டுகளும்தான்.

கோட்டுகள் பேசாது.

வீட்டில் மட்டும் என்ன? கணவருக்கு இரவு வேலை. நான் வருமுன் அவர் போய்விடுவார்; காலையில் வந்தால் தூக்கம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய துண்டுக் காகிதங்களில்தான் எங்கள் குடும்பம் நடக்கிறது. ‘பால் முடிந்தது.’ ‘வாங்கிவிட்டேன்.’

சரி, கண்ணாடி அறைக்கு வருகிறேன். அது புகைக்கும் அறை. உள்ளே வரிசையாகச் சூதாட்ட மெஷின்கள்.

வேலையிடங்களில் புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது, எங்களைப் போன்ற ஊழியர்களின் நுரையீரலுக்காகத்தான் என்றார்கள். உண்மைதான். என் தலைமயிரில் வீடுவரை கூடவே வந்த நாற்றம் நின்றது. ஆனால் மெஷின் வருமானமும் விழுந்தது. அதில் பெரும்பங்கு மாநில அரசுக்குப் போவது. சும்மா இருப்பார்களா?

“புகைக்க வெளியே போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. ஏனென்றுதான் புரியவில்லை” என்றார் டைரக்டர்.

எனக்குப் புரியும். அப்படிப் போனவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும்.

பெயர் வேண்டாம். அண்ணை என்றே சொல்கிறேன். மன்னார்ப் பக்கத்து ஆள். பாண், அதாவது ரொட்டி, செய்யும் ஃபாக்டரி ஒன்றில் விடியற்காலை வேலை. முடிந்ததும் இரண்டு மணிக்கெல்லாம் எங்கள் வாசலில் நிற்பார். சாம்பல் நிறக் கோட்டைக் கழற்றித் தருவார். ஆறு மணிக்கு வாங்கிக்கொண்டு போவார். இரண்டு வருடம் இப்படி. ஒரு தமிழ் வார்த்தை? கிடையாது. ‘டாங்க’ என்று ஜெர்மனில் நன்றி சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பார். என்னைத் தமிழச்சி என்று தெரியாதா? தெரிந்ததால்தான் தரையைப் பார்த்தார்.

புகைத்தடை வந்தது நல்ல குளிர்காலத்தில். முன்பு மெஷினை விட்டு அசையாமல் இழுத்தவர், இப்போது ஒவ்வொரு சிகரெட்டுக்கும் எழும்பி என்னிடம் கோட் வாங்க வேண்டும். புகைத்துவிட்டு வந்து திரும்பத் தர வேண்டும். முதல் நாளே நாலாவது தடவை வந்தபோது, பாவம், வாய் தானாகத் திறந்துவிட்டது.

“தங்கச்சி, குறை நினையாதேங்கோ. திருப்பித் திருப்பிக் கரைச்சல் தாறன்.”

“அதுக்கென்னண்ணை, இதுதானே என்ரை வேலை” என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சிகரெட்டுக்கும் இரண்டு வசனம். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. அப்படித் துண்டு துண்டாகத்தான் அவர் கதை எனக்குக் கிடைத்தது. மனைவியும் இரண்டு மகள்களும் லண்டனுக்குப் போய்விட்டார்கள் - பிள்ளைகளின் இங்கிலிஷ் படிப்புக்காக. இவர் வேலையை விட முடியாமல் இங்கேயே நின்றுவிட்டார்.

“வீட்டை போனா ஒரு சத்தமுமில்லை. இஞ்சை மெஷினாவது கத்துது” என்றார் ஒருநாள்.

இன்னொரு நாள் கோட்டைப் போட்டபடியே கவுண்டரில் நின்றார். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் போகவில்லை.

“உள்ளுக்கை இருக்கேக்கை ஒண்டும் தெரியிறேல்லை, தங்கச்சி. வெளியிலை போய் அந்தக் குளிர் மூஞ்சையிலை அடிக்கேக்கைதான்... நான் என்ன செய்யிறன் எண்டு விளங்குது. கிறிஸ்மஸுக்கு லண்டனுக்கு வாறன் எண்டு பிள்ளையளுக்குச் சொன்னனான். டிக்கெட் காசை மெஷினுக்கை போட்டிட்டன். ஓவர்டைம் இருக்கு, வரேலாது எண்டு பொய் சொன்னனான்.”

அவர் கோட்டின் காலரை இழுத்துச் சரி செய்தேன்.

அடுத்த வாரம் அவரே கேட்டார். “என்னை உள்ளுக்கை விடவேண்டாம் எண்டு எழுதிக் குடுக்கலாமாமே, அந்த அன்ட்ராக் எங்கை எடுக்கிறது?”

அன்ட்ராக் என்றால் விண்ணப்பம். வரவேற்பு மேசையிலிருந்து படிவத்தை வாங்கி வந்து வரிவரியாக வாசித்துச் சொன்னேன். குறைந்தது ஒரு வருடத்துக்கு வர முடியாது, இங்கே மட்டுமல்ல, நாட்டில் எந்தச் சூதாட்ட விடுதிக்கும் என்றேன்.

“ஓம், அதுதான் வேணும்” என்று என் கவுண்டரிலேயே கையெழுத்துப் போட்டார். பிறகு கோட்டை வாங்கிக்கொண்டு, “அப்ப தங்கச்சி...” என்றார். மிச்சத்தைச் சொல்லாமல் போய்விட்டார்.

அரை மணி நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு ஒன்று உறைத்தது - இனி இந்தக் கட்டடத்தில் என்னோடு தமிழ் கதைக்க யாருமில்லை.

அரசாங்கத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒரு அமைச்சு மக்களை எழும்பி வெளியே போகச் சொல்கிறது. இன்னொரு அமைச்சு, போனவர்களைக் காணோமே என்று தேடுகிறது. தேடி, இப்போது கண்ணாடி அறையும் கட்டியாயிற்று. இனி யாரும் எழும்ப வேண்டாம். கோட்டும் வேண்டாம். குளிரும் முகத்தில் அடிக்காது.

அண்ணை அதன் பிறகு உள்ளே காலடி வைக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமைகளில் வாசலுக்கு வருவார். அங்கே புகைக்கிற நாலைந்து ஜெர்மன்காரர்களோடு நின்று ஒரு சிகரெட் குடித்துவிட்டுப் போவார். கண்ணாடிக் கதவு வழியாக எனக்குக் கை காட்டுவார். நானும் காட்டுவேன்.

இந்த வியாழனும் வந்தார். வாசலில் ஒருவருமில்லை. எல்லோரும் புது அறைக்குள். அண்ணை சிகரெட்டைப் பற்ற வைத்துவிட்டு இடதும் வலதும் பார்த்தார். ஆட்களைத் தேடுகிறார் என்று புரிந்தது.

வரவேற்பு மேசைப் பெண்ணிடம், “கொஞ்சம் பார்த்துக்கொள், புகைக்கப் போகிறேன்” என்றேன். நான் புகைப்பதில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். “கோட்டைப் போட்டுக்கொண்டு போ” என்றாள்.

அண்ணை பெட்டியை நீட்டினார்.

“எனக்குப் பழக்கமில்லையண்ணை.”

“தெரியும். சும்மா நீட்டினனான்.”

“லண்டனிலை எல்லாரும் சுகமோ?”

“ஈஸ்டருக்குப் போயிட்டு வந்தனான். சின்னவள் இப்ப இங்கிலிஷிலைதான் கதைக்கிறாள். எனக்குப் பாதி விளங்கேல்லை. தலையை ஆட்டிக்கொண்டு இருந்தனான்.” புகையை விட்டார். “எண்டாலும் பக்கத்திலை இருந்தனான்தானே.”

ஏழு நிமிடம் நின்றிருப்போம். அந்த ஏழு நிமிடத்தில் எங்கள் இரண்டு பேராலும் அரசாங்கத்துக்கு ஒரு சதம் வருமானமில்லை!