லீஸ் பணத்தில் போட்ட கூரை

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் என் மாமனார் விட்டுப்போன வீடு ஓட்டு வீடு. மழைக்காலத்தில் எங்கள் பாத்திரங்களில் பாதி சமையலறையில் இருக்காது. கட்டில் மேல் ஒரு அண்டா, பீரோ மேல் ஒரு வாளி. ஆளை விட்டு ஓடு மாற்றினால் அடுத்த வாரம் வேறு இடத்தில் சொட்டும். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில் பையனின் பள்ளிப் புத்தகங்கள் மொத்தமும் ஊறிப்போனபோது, இனி இந்த ஓட்டுக்குக் கீழ் இருக்க மாட்டேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். நான் மாடியும் மார்பிளும் கேட்கவில்லை. சொந்த வீட்டில் நனையாமல் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். நான் பிரேசர் டவுனில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அந்தத் திமிரில் பட்ஜெட்டை நானே போட்டேன். ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் தளம் போட மேஸ்திரி எழுபதாயிரம் கேட்டார். பி.எஃப். கடன், என் நான்கு வளையல்கள், சீட்டு எடுத்த பணம் எல்லாம் சேர்த்தும் பாதிதான் தேறியது. மீதிக்கு என் கணவர் வழி சொன்னார்: முன்பக்கத்து இரண்டு அறைகளை லீசுக்கு விடுவது. பெங்களூரில் அது சகஜம். குடி வருகிறவர் மாத வாடகை தரமாட்டார். மொத்தமாக ஒரு தொகை தருவார். மூன்று வருஷம் கழித்துக் காலி செய்யும்போது அதே தொகையை நாம் திருப்பித் தர வேண்டும். வட்டியில்லாத பணம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை வரவுப் பக்கத்தில் எழுதினேன். என் வகுப்புப் பிள்ளை யாராவது அப்படி எழுதியிருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

ஓடு பிரித்த மறுநாள் மேஸ்திரி சுவரைக் கடப்பாரையால் குத்திக் காட்டினார். பொலபொலவென்று கொட்டியது.

"மண்ணு சுவரும்மா இது. தளத்த ஏத்துனா உக்காந்துடும். தூண் எழுப்பித்தான் ஆவணும்."

முதலிலேயே ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். நீங்கள் கூரைக்குத்தானே ரேட் கேட்டீர்கள் என்றார். அந்த மனுஷரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. செலவு இரண்டு மடங்காயிற்று. தலைக்கு மேல் கூரை இல்லை, யோசிக்க நேரமும் இல்லை. இரண்டு அறைகளுக்குப் பதில் முழு வீட்டையும் லீசுக்குப் பேசி முடித்தோம். மூன்று வருஷம்தானே என்று ஈஜிபுராவில் ஷீட் போட்ட ஒரு வீட்டுக்கு வாடகைக்குப் போனோம்.

புதுத் தளம் போட்ட வீட்டில் முதல் பாலைக் காய்ச்சியது குடி வந்த அம்மாள். மரியாதையாக எங்களை அழைத்து, விருந்தாளிகளுக்குத் தருவதுபோல் ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார். குடித்துவிட்டு பஸ் ஏறினோம்.

மூன்று வருஷத்தில் வாடகையும் கடன் தவணையும் போகக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. குடியிருந்தவர்களின் பணத்தைத் திருப்பித் தருவதற்காக, அதைவிடக் கூடுதல் தொகைக்கு வேறொருவரைக் குடிவைத்தோம். அந்தக் கூடுதல் பையனின் காலேஜுக்குப் போனது. அடுத்து வந்தவரிடம் வாங்கிய கூடுதல் என் கணவரின் முழங்கால் ஆபரேஷனுக்குப் போனது. அவர் ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தை வைத்துப் பார்த்தால், திருப்பித் தரவேண்டிய லீஸ் தொகை அதையும் தாண்டி வளர்ந்திருந்தது.

"வீடு நம்ம பேர்லதானே இருக்கு. எங்க ஓடிடப் போவுது?" என்றார் அவர்.

நான் சிரித்துவிட்டேன். நல்ல சிரிப்பல்ல அது.

அந்த வருஷ மழையில், அப்போது குடியிருந்தவர் போன் செய்தார். ஹால் மூலையில் சீலிங் ஊறுகிறது, ஓனர் நீங்கள்தானே, வந்து சரிசெய்து கொடுங்கள் என்று கன்னடத்தில் தன்மையாகத்தான் சொன்னார். என் கணவரால் ஏணி ஏற முடியாது. நான்தான் வேறொரு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போனேன். மேலே ஏறி, வெடிப்பைப் பார்த்து, எத்தனை மூட்டை சிமெண்ட் பிடிக்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். கீழே அவர்கள் பேசிக்கொண்டே சாப்பிடும் சத்தம் கேட்டது.

அந்தத் தளத்தின் மேல் ஒரு மணி நேரம் நின்றேன். அதற்குக் கீழே ஒரு ராத்திரிகூட நான் படுத்ததில்லை.