ஒரு கிராம் கூடுதல்

என் அண்ணி யூட்டே ஓடென்ஸ் நகரத்தில் பஸ் ஓட்டுகிறாள். பகலெல்லாம் ஸ்டியரிங், வீட்டுக்கு வந்தால் தராசு. பதினேழு வயது மகள் மாரெனுக்கு எந்த மாத்திரைக்கும் அடங்காத வலிப்பு. டாக்டர் சொன்னபடி சோறு, ரொட்டி, சர்க்கரை கிடையாது. வெண்ணெய், முட்டை, கிரீம்தான், அதுவும் கிராம் கணக்கில். தினமும் வந்த வலிப்பு அதில்தான் மாதம் ஒன்றாகக் குறைந்தது. நான்கு வருடமாக அண்ணி அளக்கிறாள்.

கிறிஸ்துமஸ் விருந்தில் அரிசிப் பாயசத்துக்குள் ஒரு முழுப் பாதாமை ஒளித்துவைப்போம். கிடைத்தவர் அதை வாயில் அடக்கிக்கொண்டு, பாயசம் தீரும்வரை மற்றவர்களைத் தேடவிட வேண்டும். பரிசு, பாதாம் மாவில் செய்த இனிப்புப் பன்றி. மாரென் வெறும் கிரீமை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வருடம் பாதாமை அவள் கிரீமுக்குள் அழுத்திவிட்டேன்.

பரிமாறும் முன் சமையலறையில் அண்ணி மாரெனின் கிண்ணத்தை மறுபடி தராசில் வைத்தாள்.

"ஒரு கிராம் கூட இருக்கு. யாரு கை வச்சது?"

"ஒரே ஒரு பாதாம்தான் அண்ணி."

"ஒரே ஒரு பிஸ்கட்டுன்னுதான் உங்கண்ணனும் குடுத்தாரு. மூணு நாள் ஆஸ்பத்திரில கெடந்தது யாரு, நீயா?"

தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். அசதியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டாள். கொஞ்சம் கிரீமை வழித்தெடுத்துவிட்டு, பாதாமைத் திரும்ப உள்ளே தள்ளினாள்.

அண்ணன் பானையைச் சுரண்டி ஓய்ந்தபின் மாரென் வாயைத் திறந்து காட்டினாள். பரிசை வாங்கி அம்மாவிடம் நீட்டினாள்.

"எனக்குத்தான் ஆகாது. நீ தின்னும்மா."

அண்ணி அதை வாங்கி, நேரே கொண்டுபோய்த் தராசில் வைத்தாள்.