உயிரோடிருந்தவளுக்கு வைத்த பொட்டு

பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. மேலாகக் கிடந்தது சரோஜா அத்தையின் போட்டோ. கண்ணாடியில் குங்குமக் கறை இன்னும் போகவில்லை.

அது என் விரல் வைத்த கறை. மர்பி டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் பெரியப்பா என்னை ஸ்டூலில் ஏற்றிவிடுவார். சாமந்தி மாலையை அவர் போடுவார், பொட்டு நான் வைக்க வேண்டும்.

"அத்தை சாமிகிட்ட போயிட்டா. நல்லா கும்பிட்டுக்கோ பாப்பா."

அப்போது எனக்கு ஏழு வயது. தினமும் ஜடை பின்னிவிட்ட அத்தை அம்மை கண்டு செத்துப்போனாள் என்று நம்பி, ஸ்டூலிலேயே நின்று அழுவேன். அவர்தான் கண்ணைத் துடைத்துவிடுவார்.

போட்டோவுக்கு அடியில் அந்த வருடத்து டைரி இருந்தது. பெரியப்பாவின் குண்டுகுண்டான எழுத்து:

"இன்று உல்சூர் மார்க்கெட்டில் சரோஜாவைப் பார்த்தேன். சாதி விட்டுக் கட்டிக்கொண்ட அவனோடு ஜீவனஹள்ளியில்தான் இருக்கிறாளாம். 'அண்ணா, பாப்பாவுக்கு இப்ப யாரு ஜடை பின்னுறாங்க?' என்று கேட்டாள். தெரியாதவன்போல் வந்துவிட்டேன்."

ஜீவனஹள்ளி! எங்கள் தெருவிலிருந்து நடந்தே போகலாம். வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக, உயிரோடிருந்த தங்கைக்கு மாலை போட்டிருக்கிறார். என்னை அழவைத்து, என் கண்ணையும் துடைத்துவிட்டிருக்கிறார். எப்பேர்ப்பட்ட மனுஷன்!

பெரியப்பாவின் மகன் குங்குமச் சிமிழோடு வந்தான்.

"அக்கா, இன்னிக்கு அப்பா திவசம். படத்துக்கு நீங்களே பொட்டு வெச்சுடுங்க."

டைரியை அவன் கையில் கொடுத்தேன்.

"உயிரோட இருந்தவளுக்கே என்னைப் பொட்டு வைக்க வெச்சாருடா உங்கப்பா. படிச்சுப் பாரு. அப்புறமும் மனசு வந்தா, நீயே வெச்சுக்கோ."