குறையே இல்லாத ஊருக்கு வில்வண்டியில்

மூன்று வருடங்களுக்கு முன், நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிதில், ரெட்டியார்சத்திரத்துக்கு வடக்கே ஒரு கிராமத்துக்கு வட்டார வளர்ச்சி ஆபீஸ் வேலையாகப் போய்வந்தேன். போன காரணம் ஒரே ஒரு கேள்வி. அந்த வருடம் ஊருக்கு ஒரு வேலைதான் செய்து தர முடியும். குடிதண்ணீர்க் கிணறா, சாலையா, பள்ளிக்கூடக் கட்டடமா, ரேடியோப் பெட்டியா? ஊர் ஜனங்கள் எதை முதலில் கேட்கிறார்களோ அதை எழுதிக்கொண்டு வரவேண்டும். இருக்கிற வசதிகளில் திருப்தியா என்றும் விசாரிக்கவேண்டும். வாய் இருந்தால் முடிகிற வேலை என்று நினைத்துக்கொண்டு பங்குனி வெயிலில் கிளம்பினேன்.

திண்டுக்கல்லில் காலை ஏழு மணிக்குப் பழனி பஸ். ரெட்டியார்சத்திரம் எட்டு மைல், டிக்கெட் நாற்பது நயா பைசா. கூட வந்தவர் கிராம சேவிகா ராஜம்மாள். பெண்களிடம் அவர் பேசுவது, ஆண்களிடம் நான் பேசுவது என்று ஏற்பாடு. போகிற ஊரில் சாப்பாட்டுக் கடை கிடையாது என்றார்கள். எனக்குப் பசி பொறுக்காது. சிறுமலைப் பழம் இரண்டு சீப்பு வாங்கிக்கொண்டேன். ராஜம்மாள் மல்லிகைப்பூ வாங்கிக் கொஞ்சம் தலையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை இலையில் சுற்றிப் பழத்தோடு பையில் போட்டார்.

ரெட்டியார்சத்திரத்திலிருந்து நாலு மைல் வண்டித்தடம். அன்றைக்கு ஆபீஸ் ஜீப் வேறு பக்கம் போயிருந்தது. காதர் பாயின் வில்வண்டிதான் கிடைத்தது. போக வர இரண்டு ரூபாய், மாட்டுத் தீனி நம் செலவு. பூப்போட்ட மெத்தை, மாடுகளின் கழுத்தில் சலங்கை. "வண்டி ஜோரா இருக்கே பாய்" என்றேன். "நம்ம வண்டிய நல்ல காரியத்துக்குத்தான் சார் கூப்புடுவாக" என்றார். அரசாங்க வேலையைத்தான் நல்ல காரியம் என்கிறார் என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். வழி நெடுக வெட்டவெளி. சோளம் அறுத்த கட்டைகள்தான் மிச்சம்.

சலங்கைச் சத்தத்துக்கே ஊர் கூடிவிட்டது. இந்த வேலையில் பழகியவர்கள் எனக்கு ஒரு யோசனை சொல்லி அனுப்பியிருந்தார்கள்: எடுத்ததும் ஆபீஸ் என்று சொல்லாதே, சொன்னால் இல்லாத குறையெல்லாம் சொல்லி அழுவார்கள். அதனால், "ரெட்டியார்சத்திரம் வழியா வாரோம். ஊரைப் பத்தி நாலு விசயம் விசாரிச்சுட்டுப் போகலாம்னு" என்று மட்டும் சொன்னேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கயிற்றுக் கட்டில் வந்தது, அதன்மேல் ஜமக்காளமும் வந்தது.

"தண்ணி வசதியெல்லாம் எப்படி?" என்று ஆரம்பித்தேன்.

"தண்ணிக்கு என்னண்ணே, இளநியால்ல இருக்கும்" என்றார் ஒருவர். உடனே நாலு செம்பு தண்ணீர் வந்தது. பாதையைப் பற்றிக் கேட்டால், "இந்தா, நீங்க அலுங்காமத்தான வந்தீக?" என்றார்கள். இடுப்பு கழன்றுபோய்தான் வந்திருந்தேன். பள்ளிக்கூடமும் அருமை, காற்றும் அருமை, சண்டை சச்சரவு என்றால் என்னவென்றே தெரியாத ஊராம். எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் தளும்பத் தளும்பக் குடங்கள். மத்தியானம் நெல்லுச்சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் போட்டார்கள். "இம்புட்டுத்தான் சாப்புடுவீகளா?" என்று மூன்று தடவை பரிமாறினார்கள். பழச்சீப்பு பையிலேயே இருந்தது.

எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஒரு குறையும் இல்லாத ஊருக்கு எதைத்தான் எழுதுவது? கடைசியில் ரேடியோ என்று எழுதிவிடலாம் என முடிவு செய்துகொண்டு எழுந்தேன். வண்டி பூட்டுகிற நேரத்தில், சோறு போட்ட வீட்டு அம்மாள், செல்லத்தாயி என்று பெயர், ராஜம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் மதினி, தண்ணியக் கேட்டீக, ரோட்டக் கேட்டீக. எம் மகனப் பத்தி ஒரு வார்த்த கேக்கலையே? செத்த நேரம் இருங்க, காட்டுல இருந்து வந்துருவான்."

ராஜம்மாள் என்னைப் பார்த்தார். நான் காதர் பாயைப் பார்த்தேன். ஆத்தூரிலிருந்து பெண் வீட்டார் அந்த வாரம் மாப்பிள்ளை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்களாம். வில்வண்டி, பூ, பழம், கூட ஒரு பெண். போதாதற்குத் தண்ணீர் வசதி எப்படி என்ற கேள்வி! எங்களைப் புருஷன் பெண்டாட்டி என்றே நினைத்திருக்கிறார்கள். இதில் என்னைவிட ராஜம்மாளுக்குத்தான் அதிகக் கோபம். இருந்தாலும், நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று அவர்தான் பொறுமையாகச் சொன்னார்.

 பிறகு உண்மை வந்தது. ஊரில் குடிக்கிற தண்ணீரே கிடையாது. ஒன்றரை மைல் தள்ளி, பக்கத்து ஊர்த் தோட்டத்துக் கிணற்றில் எடுத்து வருகிறார்கள். தண்ணீர் இல்லாததாலேயே அந்தப் பையனுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருக்கிறது. அதனால்தான் விடியுமுன் ஊரே சேர்ந்து குடங்களை நிரப்பி வைத்திருக்கிறது. "கெணறு இல்லைன்னு எழுத்துல போயிட்டா ஆத்தூர்க்காரக காதுக்கும் போயிரும். அந்தப் பொண்ணு வந்து சேரட்டும், பெறகு எழுதுங்களேன்" என்றார் ஒருவர். எந்த ஊருக்கு என்ன வேலை என்ற பட்டியல் அந்த வாரமே போகவேண்டும். பிந்தினால் அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று எனக்கே தெரியாது. அதையும் சொன்னேன். எல்லாரும் செல்லத்தாயியைப் பார்த்தார்கள்.

அவர் ராஜம்மாளின் கையை விட்டார். பிறகு, "கெணறுன்னே எழுதுங்கய்யா. எம் மகனுக்கு ஆகாட்டியும் மத்த பயலுகளுக்காச்சும் ஆகட்டும்" என்றார். அண்ணே போய் அய்யா வந்துவிட்டது. எனக்கு மனசு சங்கடமாகத்தான் இருந்தது. எழுதினேன்.

நாலு நாள் கழித்து ஆத்தூர்க்காரர்களைக் கூட்டிப்போனதும் காதர் பாய்தான். "கேட்டதுக்கு அந்தம்மா மறைக்கல சார். இப்ப இல்ல, கெணறு எழுதிப் போயிருக்குன்னு உள்ளதச் சொல்லிருச்சு. அவுக காப்பிகூடக் குடிக்காமக் கெளம்பிட்டாக" என்றார்.

இதே மாதிரி வேலையாகப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: யார் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். இல்லாத குறையைச் சொல்லி அழுதால் அழட்டும், அதில் பாதியைத் தள்ளிக்கொள்ளலாம். இருக்கிற குறையை மறைத்தால் கண்டுபிடிக்க வழியில்லை. வில்வண்டி வேண்டாம், தை பிறந்து ஆனி வரைக்கும் பூவும் பழமும் வேண்டவே வேண்டாம். தண்ணீர் எப்படி என்று ஆண்களைக் கேட்காதீர்கள், எடுக்கப் போகிறவர்களோடு ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள்.

போன மாதம் திரும்பவும் அந்த ஊருக்கு என்னை அனுப்பினார்கள். கிணறு வெட்டி முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது; இப்போது திருப்தியா என்று கேட்கவேண்டும். வண்டியிலிருந்து இறங்குமுன்பே ஆபீஸ் என்று சத்தமாகச் சொன்னேன். கிணற்றடியில் இரண்டு புது மருமகள்கள் இறைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் உண்மையிலேயே இளநீர்தான். செல்லத்தாயி ஒரு சின்னக் குடத்தோடு தள்ளி நின்றார். மகன் பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வேலைக்குப் போய்விட்டான், கல்யாணப் பேச்சை எடுத்தால் லீவுக்குக்கூட வருவதில்லை என்றார்.

திருப்தியா என்று அவரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"ஊருக்குத் திருப்தின்னு எழுதிக்கங்கய்யா" என்றார். "என் வீட்டுக்கு எழுதாதீங்க."