பச்சையம்மாள் பறிக்காத அவரைக்காய்

கச்சிராயபாளையம் பக்கத்தில் நாம் வேலை பார்த்த பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் போன செவ்வாய்க்கிழமை காலை அந்தச் செய்தி வந்தது. சத்துணவுக் கூடத்தில் சமைத்த பச்சையம்மாள் மாரடைப்பில் இறந்துவிட்டார். எல்லாரும் அவருடைய சாம்பாரைப் பற்றி எழுதினீர்கள். தலைமையாசிரியையாக இருந்த நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. ஏன் என்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

சமையல் கூடத்துக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் போட்டவர் அவர்தான். அரிசி கழுவிய தண்ணீரிலேயே கத்தரி, வெண்டை, அவரை எல்லாம் வளர்ந்தன. பூச்சிமருந்தை உள்ளே விட்டதே இல்லை. தினமும் இலைகளைப் புரட்டிப் பார்ப்பார். புழுவைக் கையால் பொறுக்குவார். மீறிப் போனால் வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைத்துத் தெளிப்பார். "புள்ளைங்க கழுவாமலே கடிக்குங்க டீச்சர். அத்த நெனச்சிக்கினுதான் செடி வளக்கணும்" என்பார்.

ஒரு வருடம் தோட்டத்தைப் பார்வையிட அதிகாரிகள் வருவதாக இருந்தது. முதல் நாள் பார்த்தால் அவரைக்கொடி முழுக்கக் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பிக் கிடந்தது.

"ரெண்டு நாளு வுடுங்க டீச்சர். பொறிவண்டு வந்துகினு இருக்குது. அதுவே தின்னு தீத்துடும்."

"நாளைக்கு வர்றவங்களுக்கு வண்டையா காட்டுறது?" என்றேன்.

அவர் வீட்டுக்குப் போனதும், கரும்புக்கு மருந்தடிக்கும் ஒருவரை வரவழைத்து, கொடி நனைய அடிக்கச் சொன்னேன்.

காலையில் வந்த பச்சையம்மாள் வாடையிலேயே கண்டுகொண்டார். பந்தலடியில் பொறிவண்டுகள் செத்துக் கிடந்தன. அவரையைத் தொடாமல் வெறும் பருப்புச் சாம்பார் வைத்தார். பிறகு பந்தலருகிலேயே நின்று, காயில் கைவைக்க வந்த பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ காய் தொங்குது, சாம்பார்ல ஒண்ணையும் காணோமே?" என்று அதிகாரி கேட்டார்.

பச்சையம்மாள் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார்.

"சோம்பேறித்தனம் சார். பறிக்கச் சொன்னேன், பறிக்கல" என்றேன்.

பிள்ளைகள் எதிரிலேயே அதிகாரி அவரைத் திட்டினார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சாயங்காலம் கொடியைக் காயோடு பிடுங்கி, குழி வெட்டிப் புதைத்தார். தோட்டத்துக்கான பாராட்டுச் சான்றிதழை நான் வாங்கினேன். நீங்கள் கைதட்டினீர்கள்.

ஓய்வு பெற்றபின் என் வீட்டுக் கொல்லையில் கத்தரி வைத்தேன். புழு விழுந்துவிட்டது. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, பச்சையம்மாள் கூப்பிடாமலே டவுன் பஸ் ஏறி வந்தார். வாடித் தொங்கிய கொழுந்து ஒன்றைக் கிள்ளிப் பிளந்து, உள்ளேயிருந்த புழுவைக் காட்டினார். "இப்டி வாடுனத அப்பப்ப கிள்ளி எரிச்சிடுங்க டீச்சர். பத்து செடிக்கு வேற இன்னா வேணும்?" என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "டீ குடிக்கிறியா?" என்றுதான் வந்தது.

துக்கத்துக்குப் போனபோது அவருடைய மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்கு உங்க மேல கோவமே இல்லைங்க. 'பெரிய ஆபீசருங்க வராங்கன்னு டீச்சரு பயந்துகினு செஞ்சிட்டாங்க, பாவம்'னு சொல்லும்" என்றார்.

பச்சையம்மாளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் 'பாவம்' என்ற சொல்தான். அதுவும் எனக்குச் சேர வேண்டியதில்லை. அன்று நான் பயப்படவில்லை. பாராட்டுக்கு ஆசைப்பட்டேன்.