நாக்கில் ஒட்டிய பச்சை

எனக்கு எட்டு வயதிருக்கும்போது என் தங்கை வெளிச்சத்தைக் கடித்துவிட்டாள்.

விராலிமலைத் தைப்பூசத்துக்கு அம்மா எங்கள் இருவரையும் அழைத்துப் போயிருந்தாள். அப்பா துபாயில் வேலை பார்த்தார். மலையிறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. கடைவீதியில் ஒருவர் மெல்லிய பிளாஸ்டிக் குச்சிகள் விற்றுக்கொண்டிருந்தார். வளைத்தால் உள்ளே ஏதோ நொறுங்கும். குச்சி பச்சையாக ஒளிரும். முனைகளைச் சேர்த்தால் வளையல். அம்மா ஆளுக்கொன்று வாங்கித் தந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் தங்கை தன்னுடையதைக் கடித்துப் பிய்த்திருந்தாள். கசக்கிறது என்று வாயைத் திறந்தாள். நாக்கு, பல், உதடு எல்லாம் பச்சையாக ஒளிர்ந்தன.

“அம்மா, இவ வாய்க்குள்ள எரியுது” என்றேன்.

எனக்குத் தெரிந்த வெளிச்சமெல்லாம் சுடுகிற வெளிச்சம். அடுப்பு சுடும், அகல் சுடும். கோழிக்குஞ்சுகளின் கதகதப்புக்காகத் தொங்கவிட்டிருந்த குண்டு பல்பைத் தொட்டு என் விரலே கொப்பளித்திருக்கிறது. இது தங்கையின் வயிற்றுக்குள் இறங்கி மெதுவாக எரியப் போகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளோ போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பெருமையாக நாக்கை நீட்டிக் காட்டினாள்.

கூட்டம் கூடிவிட்டது. பால் கொடுக்கச் சொன்னார் ஒருவர். கொடுக்கவே கூடாது என்றார் இன்னொருவர். அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். முந்தானையைப் பிடித்தபடி நானும் ஓடினேன். என் வளையலை எங்கே கழற்றி எறிந்தேன் என்று தெரியவில்லை.

டாக்டர் டார்ச் அடித்து, குச்சிக்குள் நொறுங்கியிருந்த கண்ணாடித் துணுக்கு கீறியிருக்கிறதா என்று வாய் முழுக்கத் தேடினார். பிறகு பலமுறை கொப்பளிக்க வைத்தார்.

“பயப்படாதீங்கம்மா. ரெண்டு மருந்து கலக்குறதுல வர்ற வெளிச்சம் இது. மின்மினிப்பூச்சி மாதிரி, சுடாது. வாந்தி எடுத்தா மட்டும் கூட்டிட்டு வாங்க.”

சுடாத வெளிச்சத்தை நான் நம்பவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் தங்கையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா லைட்டைப் போடவில்லை. இருட்டிலேயே தங்கையை மடியில் கிடத்தி, “வாயத் தொற” என்றாள். உற்றுப் பார்த்தோம். பச்சை எங்கும் இல்லை. எனக்கு உயிர் வந்தது. அம்மாவோ அப்போதுதான் அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க.

அந்த நேரம் பார்த்து அப்பா வீடியோ காலில் வந்தார். அம்மா போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன, வீடு இருட்டாக் கெடக்கு?”

“கரண்டு இல்லைங்க. பிள்ளைக நல்லா சாமி கும்பிட்டுச்சுக.”

பக்கத்து வீட்டு டியூப்லைட் வெளிச்சம் எங்கள் ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது. அதை அம்மா கவனிக்கவில்லை என்று நினைத்து சுவிட்சைப் போட எழுந்தேன். பேச்சை நிறுத்தாமலே அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். தங்கைக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே, கரண்டும் இருக்கிறதே, பிறகு ஏன் இருட்டிலேயே இருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. கை வேறு வலித்தது.